மறைத்துத் தின்ற மாத்திரை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

தாய்மையைப் போற்றாத கல்லூரி மலர் உண்டா? ஆண்டுதோறும் அன்னையைப் பற்றி இரண்டு கவிதைகளும் ஒரு கட்டுரையுமாவது மலரில் வந்துவிடுகின்றன. படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தாயாகப் போகிறவளின் மூட்டு வலியைப் பற்றி எவரும் எழுதக் காணோம். நான் எழுதத் துணிந்தது அதைப் பற்றித்தான். மூட்டு வலி கிழவிகள் சங்கதியாயிற்றே, அதற்கு இங்கென்ன வேலை என்று தோழியர் சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

என் பெரியம்மையின் மகள் எனக்கு மூத்தவள். தோவாளைப் பூச்சந்தையை நம்பிப் பிழைக்கிற குடும்பம். விடியுமுன்பே பிச்சியும் கேந்தியும் அரளியும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் ஊர் அது. அங்கே பெண் பிள்ளைகள் எழுத்து படிக்குமுன் நார் பிடிக்கப் படித்துவிடுவார்கள். அக்காளுக்கு இருபத்து மூன்று வயதில், காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுத்தன. ஒரு மணி நேரம் வெந்நீரில் கையை வைத்திருந்த பிறகுதான் பூவைத் தொடவே முடியும். ஈரப் பூவில் கை வைப்பதால் வந்த குளிர்ச்சி என்றார் பெரியம்மை. இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் ஒன்றுபோல் வீங்கிய பிறகே மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றார் அவர். வாரத்தில் ஒரே ஒரு நாள் விழுங்க வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரையையும், கூடவே ஃபோலிக் அமிலத்தையும் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் அக்காள் பழையபடி மாலை கட்டத் தொடங்கிவிட்டாள்.

பிறகு வரன் பார்த்தார்கள். நோயைச் சொன்னதனால் முதலில் வந்த இரண்டு வரன்களும் கைநழுவின. மூன்றாவது வரனிடம் சொல்லவில்லை. அக்காள் மாத்திரைகளை முகப்பவுடர் டப்பாவுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு புகுந்த வீடு போனாள். ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லாரும் உறங்கிய பின் குளியலறையில் நின்று விழுங்குவாளாம். நான்காம் மாதம் நாள் தள்ளிப் போயிற்று. மாத்திரையைத் தொடரலாமா, நிறுத்தலாமா? யாரிடம் கேட்பாள்? கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடுமே! இன்னும் இரண்டு வாரம் விழுங்கினாள். பிறகு அச்சம் தாங்காமல், இருந்த எல்லா மருந்தையும் ஒரே நாளில் கொல்லைப்புறத்தில் கொட்டிவிட்டாள். கர்ப்பப் பதிவுக்குப் போன இடத்தில் எடை பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். மூட்டில் வலி உண்டா, வேறு மருந்து சாப்பிடுகிறாயா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பதினோராவது வாரத்தில் கரு கலைந்தது. அதே மாதம் மூட்டுகள் மறுபடியும் வீங்கின.

அந்த மாத்திரைதான் காரணமென்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. எந்த நோயும் இல்லாத பெண்களுக்கும் கருச்சிதைவு நேர்கிறது. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் கருவைக் கலைக்கவும், வளரும் உறுப்புகளைக் குறைப்படுத்தவும் வல்லது என்பதில் மருத்துவர்களுக்கு ஐயமில்லை. கரு வளர இன்றியமையாத ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதே அதன் இயல்பு. ஆகவே கருத்தரிக்க எண்ணுவதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் முன்னதாகவே அதை நிறுத்தி, வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கரு கலைந்த பிறகு, பெரியம்மை வீட்டில் கிடந்த பழைய மாத்திரைப் பெட்டி ஒன்றிலிருந்து மடித்த தாளை விரித்துப் படித்தேன். கர்ப்பிணிகள் உட்கொள்ளலாகாது என்று ஆங்கிலத்தில் தெளிவாக அச்சிட்டிருந்தது. அந்தப் பெட்டியில்தான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் என் கொண்டை ஊசிகளைப் போட்டு வைப்பேன். தாளைத் தூக்கி எறியாமல் அடியில் விட்டிருந்தேனே தவிர, பிரித்துப் பார்த்தேனில்லை. அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு நூலகத்திலும், ஆசிரியர்களிடத்திலும், அக்காளுடன் போன மருத்துவமனைகளிலும் நான் தெரிந்துகொண்டவற்றால் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டது. இந்நோயுள்ள பெண்கள் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறலாம். அதற்கு நோயைவிடப் பெரிய இடையூறாக நிற்பது நம் வீடுகளின் ஒளிவுமறைவு. மறைத்தால் திட்டமிட முடியாது. இந்த நோயிலோ கருத்தரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைதான் மிகுதி.

வாதம் என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவது ஒரு நோயன்று. சித்த மருத்துவம் வாதத்தை எண்பதாக வகுத்திருக்கிறது. மேனாட்டு மருத்துவத்திலும் இவ்வகை நோய்கள் நூற்றுக்கு மேல் உண்டு. மூட்டுத் தேய்ந்து முதுமையில் வரும் வலி வேறு. அக்காளுக்கு வந்ததைப்போல, உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே உடலைத் தாக்குவது வேறு. வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்களே, அது. இந்த வேலி பெண்களின் பயிரைத்தான் அதிகம் மேய்கிறது. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. லூப்பஸ் என்னும் நோயில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதினர். புனேக்கு அருகே பிக்வான் என்ற சிற்றூரில் 1996-இல் தொடங்கி வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார்கள். ஆயிரம் பேருக்கு ஐந்து பேர் என்ற அளவில் முடக்குவாதம் இருக்கக் கண்டார்கள். நம் ஊர் அளவில் எண்ணிப் பாருங்கள். ஐயாயிரம் பேர் உள்ள ஊரில் இருபத்தைந்து பேர்!

எங்கள் ஆச்சி ஒன்று சொல்லுவாள்: "ஒண்ணு பெத்துப் போடு மக்ளே, வாதமெல்லாம் பறந்து போவும்." இதை மூடநம்பிக்கை என்று எழுதத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். படிக்கப் படிக்க, ஆச்சியின் சொல்லில் பாதி உண்மை இருப்பது தெரிந்து வியந்து போனேன். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர் இதையே கவனித்தார். மஞ்சள் காமாலை வந்த முடக்குவாத நோயாளிகளுக்கும், கருவுற்ற நோயாளிகளுக்கும் வலி குறைகிறதே, என்ன காரணம்? உடலில் ஏதோ ஒரு பொருள் சுரந்து நோயை அடக்குகிறது என்று ஊகித்து, 1938-இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். அந்தத் தேடல் எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்திருந்த கார்ட்டிசோனில் கொண்டுபோய்விட்டது. 1948 செப்டம்பரில் முடக்குவாதத்தால் அவதியுற்ற ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக அதை ஊசி வழி செலுத்தினார்கள். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மருந்துக் கடைகளில் ஸ்டீராய்டு என்று சொல்லப்படும் மருந்துக் குடும்பம் உருவானதற்குப் பிள்ளைத்தாய்ச்சிகளின் மூட்டும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது.

மீதிப் பாதிதான் ஆபத்தானது. கருவுற்ற காலத்தில் முடக்குவாதம் தணிவது ஏறத்தாழ பாதிப் பெண்களுக்கு மட்டுமே என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. தணிந்தவர்களிலும் பலருக்குப் பிள்ளை பிறந்த சில வாரங்களிலிருந்து நோய் மறுபடி சீறி எழுகிறது. கைக்குழந்தையைத் தூக்க வேண்டிய நேரத்தில் மணிக்கட்டு வீங்கும். அந்த நேரத்தில் அம்மை வீட்டில் எல்லாரும் குழந்தையைத்தான் பார்ப்பார்கள். "பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். லூப்பஸ் நோய்க்கு ஆச்சியின் வாக்கு அறவே பொருந்தாது. கருவுற்ற காலத்திலேயே அது முற்றக்கூடும்.

இனி மருந்துக்கு வருகிறேன். எல்லா மருந்தும் குழந்தைக்குக் கேடு என்று நிறுத்திவிடுவது நம் வீடுகளின் வழக்கம். வளர்நிலை உயிரியல் வகுப்பில் நஞ்சுக்கொடியைப் பற்றிப் படித்தபோது, அது வெறும் குழாயன்று, சிலவற்றைத் தடுத்துச் சிலவற்றை விடும் காவலாளி என்று ஆசிரியர் சொன்னார். அதற்கு நல்ல சான்று பிரெட்னிசலோன். தாய் உண்ணும் பிரெட்னிசலோனை நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்து, பத்தில் ஒரு பங்கு அளவையே கருவினிடம் விடுகிறது. எனவே தேவைப்பட்டால் குறைந்த அளவில் அதைக் கொடுக்கிறார்கள். லூப்பஸ் உள்ளவர்கள் ஹைட்ராக்ஸிகுளோரோகுவினைக் கருவுற்றபின் நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் நோய் கிளம்பும். சல்ஃபாசலசின், அசத்தியோபிரின் ஆகியவற்றையும் மருத்துவர் மேற்பார்வையில் தொடரலாம். மெத்தோட்ரெக்ஸேட்டைப் போலவே விலக்க வேண்டியவையும் உண்டு. மைக்கோஃபினோலேட்டைக் கருத்தரிப்பதற்கு ஆறு வாரம் முன்னராவது நிறுத்த வேண்டும். லெஃப்ளூனோமைடு நிறுத்திய பிறகும் இரண்டாண்டு வரை உடலில் தங்கக் கூடியது. அதை விரைந்து வெளியேற்ற வேறொரு மருந்து கொடுக்கிறார்கள். ஆக, எல்லாவற்றையும் கொட்டிய என் அக்காள் செய்ததும் தவறு, எல்லாவற்றையும் விழுங்கியதும் தவறு. எது எந்த மாதத்தில் என்று கேட்பதற்கு அவளுக்கு ஓர் ஆள் இல்லாமற் போயிற்று.

இவற்றையெல்லாம்விட என்னை அச்சுறுத்துவது கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் வகைகளை இருபதாவது வாரத்துக்குப் பின் தவிர்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020-இல் எச்சரித்தது. குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையக்கூடும் என்பது காரணம். கடைசி மூன்று மாதத்திலோ, கருவிலிருக்கும்போது திறந்திருக்க வேண்டிய இரத்தக் குழாய் ஒன்று இவற்றால் முன்கூட்டியே சுருங்கிவிடலாம். இடுப்பு வலி என்று பக்கத்து வீட்டு மைனி அன்போடு கொடுக்கும் மாத்திரையில் இருப்பதும் இதுதான். தேவையான மருந்தைக் கொல்லையில் கொட்டிவிட்டுக் கூடாத மருந்தை வாங்கி விழுங்கும் விந்தை நம்மிடம் இருக்கிறது.

நாட்டு மருத்துவத்தைக் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். வர்ம ஆசான்கள் வாழ்ந்த மண் இது. கை கால் பிசகினால் இன்றும் நாங்கள் அவர்களிடம்தான் ஓடுகிறோம். முடக்கத்தான் தோசை எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் சூரணம் ஒரே நாளில் வலியைப் போக்கினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று ஐயுறுவது நல்லது. இத்தகைய கலப்படம் பலமுறை பிடிபட்டிருக்கிறது. உண்பது இன்னதென்று தெரியாத பொருளை வயிற்றுப் பிள்ளையோடு இருப்பவள் எப்படி உண்பது?

இன்னொரு கொடுமையைச் சொல்லாமல் விட மனமில்லை. சில பெண்களுக்கு அடுத்தடுத்துக் கரு கலைகிறது. அவளுக்கு ராசியில்லை என்கிறோம். நாகராஜா கோவிலில் ஆயில்யத்தன்று பால் ஊற்றுகிறோம். ஊற்றட்டும், நானும் ஊற்றியிருக்கிறேன். ஆனால் 1983-இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் விளக்கிய ஒரு நோயில், தாயின் இரத்தத்திலுள்ள சில எதிர்ப்பொருள்கள் இரத்தத்தை உறையச் செய்கின்றன. நஞ்சுக்கொடியின் நுண்ணிய குழாய்கள் பாதிக்கப்பட்டுக் கரு மடிகிறது. இதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தால் சிறு அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்து, பத்தில் ஏழு பேருக்காவது உயிருள்ள குழந்தையைக் கையில் தர முடிகிறது. மூன்று முறை கலைந்த பிறகும் பரிசோதனைக்குப் போகாமல், இரண்டாம் தாரம் தேடும் வீடுகள் நம்மிடையே இல்லையென்று யாராவது சொல்லட்டும்.

லூப்பஸ் உள்ளவர்கள் நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பிறகே கருத்தரிப்பது நல்லது என்கிறார்கள். பன்னிரண்டாவது வாரத்திலிருந்து சிறு அளவு ஆஸ்பிரின் கொடுப்பதால் இரத்தக் கொதிப்பு ஆபத்து குறைகிறது. அவர்களில் சிலரிடம் உள்ள ஒரு வகை எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யும். நூறு பேரில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்குத்தான் அப்படி நேர்கிறது என்றாலும், முன்பே தெரிந்தால் கவனிக்கலாம். சிறு வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வீக்கமும் வந்து இதய வால்வு கெட்டிருப்பவர்களின் கதை தனி. கருவுற்றால் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆவதால், அதுவரை தெரியாதிருந்த வால்வுக் கோளாறு மூச்சுத் திணறலாக வெளிப்படும். அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.

நம் மாவட்டம் மருத்துவத்தில் பின்தங்கியதன்று. நெய்யூரில் 1838-இலேயே மேனாட்டு மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. ஆசாரிப்பள்ளத்தில் 2001-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருகிறார். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பதிவு எண் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் நிதியுதவி உண்டு. வாதநோய்க்கெனத் தனித் துறையைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஏ. என். சந்திரசேகரன் நிறுவியது இந்தியாவுக்கே முன்னோடி. ஆனால் இத்துறையில் தனிப் படிப்புப் படித்தவர்கள் இன்னும் மிகச் சிலரே. தோவாளையிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் என்பதையும் மறக்கக் கூடாது. நம்மவர்கள் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறுகிறார்கள்.

நான் கேட்பது பெரிய கட்டடம் அன்று. செவிலியர் கையிலுள்ள பதிவேட்டில் ஒரு கேள்வி இருக்கட்டும்: காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் மூட்டு விறைக்கிறதா, அதற்கு என்ன மருந்து உண்கிறாய்? அதையும் கருவுற்ற பின் கேட்பதில் பாதிப் பயன்தான். புதிதாகத் திருமணமாகி வந்த பெண்ணிடம், மாமியார் அருகில் இல்லாதபோது கேட்க வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்களே கேட்டாலும் நன்று. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள் தமிழிலும் இருக்கட்டும். அறிவியல் மாணவர்களாகிய நாம் முகாமுக்குப் போகும்போது தெருவைப் பெருக்குவதோடு, நான்கு வீட்டு மருந்துத் தாளைப் படித்துச் சொல்லிவிட்டு வரலாமே!

இதை வகுப்பில் பேசியபோது ஒரு தோழி கேட்டாள்: "உண்மையைச் சொன்னால் யார் கட்டுவார்கள்?" அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இரண்டு வரன்கள் போனதை நான் கண்ணாலேயே கண்டேன். பத்துப் பொருத்தமும் பார்த்து, பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்து விரல் வீங்கியிருக்கிறதா என்று கவனித்த ஒரு மாமியையும் கண்டேன். பெரியம்மையை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் மறைத்துக் கட்டிக் கொடுத்த பிறகும் உண்மை வெளிவரத்தான் செய்தது. அது வெளிவந்தபோது அக்காள் கருவை இழந்து படுத்திருந்தாள். சீக்குக்காரியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற பேச்சைப் படுக்கையிலிருந்தே கேட்டாள். அத்தானும் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "முதல்லயே சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேம்லா" என்றாராம். முன்பே சொல்லியிருந்தால் உண்மையிலேயே அப்படிச் சொல்லியிருப்பாரா, பெண்ணே வேண்டாமென்று போயிருப்பாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஆண் நண்பர்கள் இந்தக் கேள்வியைத் தங்களிடமே கேட்டுப் பார்க்கட்டும். மாத்திரை உண்ணும் பெண்ணை நீங்கள் கட்டுவீர்களா?

அத்தான் சொன்னபடியே கூட்டிக்கொண்டு போனார். மெத்தோட்ரெக்ஸேட் போய், சல்ஃபாசலசினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவினும் வந்தன. நோய் அடங்கும்வரை பொறுங்கள் என்று மருத்துவர் சொன்னதை மாமியாரிடம் எடுத்துச் சொன்னதும் அத்தான்தான். எட்டு மாதம் பொறுத்தார்கள். இந்த மலர் அச்சுக்குப் போகும்போது அக்காளின் மகளுக்கு மூன்று மாதம் நிறைகிறது. மருத்துவர் முன்கூட்டியே சொன்னபடி ஆறாவது வாரத்தில் மணிக்கட்டு வீங்கியது. சொல்லி வைத்திருந்ததால் யாரும் பதறவில்லை, மருந்தின் அளவைக் கூட்டினார்கள். தாய்ப்பால் நிற்கவில்லை. மாலை கட்டும் அளவுக்கு விரல் இன்னும் வரவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவது இப்போதைக்கு ஆச்சியின் பொறுப்பு. நான் தானே அப்பவே சொன்னேன், ஒன்று பெற்றால் சரியாகும் என்று, என ஆச்சி இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். ஹெஞ்ச் கதையை நான் அவளிடம் சொல்லவில்லை.